ஆர்ச்சி பிளென்கோ வராத சனிக்கிழமை

அஸ்தினாபுரம்
20.1.2025

கிட்டுவுக்கு அண்ணா சூர்யநாராயணனின் ஆசீர்வாதம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் மன்னிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு விமானப் பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் ரத்தக்கொதிப்பு எவ்வளவு? எண்ணை எழுது. "பரவாயில்லை" என்று எழுதாதே.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலன்று விஷ்ணுப்ரியா மெல்போர்னிலிருந்து போன் பண்ணினாள். "அப்பா, டாம்னு ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். நீ சரின்னாத்தான் பண்ணிப்பேன்" என்றாள். பையனின் முழுப்பெயர் டாம் பிளென்கோ. என் வாயில் சர்க்கரைப் பொங்கல் இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. (ஒரு ஸ்பூன்தான் சாப்பிட்டேன்.)

முப்பத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பிரபோசல் படித்தவன் நான். முகத்தைப் பார்த்து ஆளை எடை போடுகிற வழக்கம் எனக்கில்லை. அப்பா எதில் போனார், தாத்தா எதில் போனார் என்று கேட்டுத்தான் பாலிசி கொடுத்திருக்கிறேன். பெண்ணை மட்டும் விசாரிக்காமல் கொடுத்துவிடுவேனா? நம் குடும்பத்தில் மூன்று தலைமுறை விசாரிப்பது வழக்கம். நீ அந்த ஊரில் இருபது வருஷமாக டிராம் ஓட்டுகிறாய். விசாரித்து எழுது. இந்த விஷயத்தில் போன் வேண்டவே வேண்டாம். போனில் பேசியதை ஃபைல் பண்ண முடியாது. படிவம் ஒன்று தயார் செய்து இணைத்திருக்கிறேன்.

அண்ணா

*

மெல்போர்ன்
14.2.2025

அண்ணாவுக்கும் மன்னிக்கும் கிட்டுவின் நமஸ்காரம். ரத்தக்கொதிப்பு 140/90. இது உங்கள் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால் எடுத்தது. மன்னி ரொம்ப நடக்க வேண்டாம்.

படிவம் பார்த்தேன். அறுபத்திரண்டு கேள்வி! அதில் "குடலிறக்கம் உண்டா" என்று நான் எப்படி அண்ணா கேட்பது?

டாமுக்கு முப்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிகரெட் கிடையாது. சனிக்கிழமை பேட்டை டீமில் ஃபுட்பால் ஆடுவான், முடிந்ததும் ஒரு பீர் சாப்பிடுவான்; இதை நான் மறைக்கவில்லை, கவனிக்கவும். நம் வீட்டுக்கு வந்து வத்தக்குழம்பு சாப்பிட்டான். கண்ணில் ஜலம் வந்தது. துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் போட்டுக்கொண்டான்.

டாமின் அப்பா இருக்கிறார், தேனீ வளர்க்கிறார். தாத்தா எண்பத்தெட்டு வயதில் ஏணியிலிருந்து விழுந்து போனார். அந்த வயதில் ஏணியில் ஏறினவர் என்றால் உடம்பு எப்படி இருந்திருக்கும், பாருங்கள். கொள்ளுத்தாத்தா ஆர்ச்சி பிளென்கோதான் குடும்பத்திலேயே பேர் பெற்றவர். 1888-இல் பிறந்தவர்; 1910 முதல் 1914 வரை பெரிய கிளப் ஒன்றுக்கு ஃபுட்பால் ஆடினவர். முப்பத்தேழு ஆட்டம். எழுபத்தொன்பது வயது வரை இருந்தார். தங்கமான மனுஷர் என்கிறார்கள்.

சரி என்று எழுதிவிடுங்களேன்.

கிட்டு

*

அஸ்தினாபுரம்
4.3.2025

கிட்டுவுக்கு ஆசீர்வாதம். 140/90 அதிகம். ஊறுகாயைக் குறை.

பையனிடம் ஒரு குறையும் கிடைக்கவில்லை. குறையே இல்லாத பிரபோசலை இரண்டு தடவை படி என்பது எங்கள் செக்‌ஷனில் பழக்கம். அதனால் கொள்ளுத்தாத்தாவுக்குப் போகிறேன்.

1914-இல் அந்த ஆளுக்கு இருபத்தாறு வயது. நல்ல உடம்பு. ஐந்து வருஷம் ஆடிக்கொண்டிருந்தவன் ஏன் திடீரென்று நிறுத்தினான்? காசநோயா, குடியா, ஜெயிலா? இந்த மூன்றைத் தவிர நான்காவது காரணம் என் சர்வீஸில் பார்த்ததில்லை. "தங்கமான மனுஷர்" என்பதெல்லாம் மெடிக்கல் ரிப்போர்ட்டில் செல்லாது. நீ எதையோ விழுங்கியிருக்கிறாய். சின்ன வயதில் சீடை டப்பாவைக் காலி செய்துவிட்டு இதே மாதிரிதான் "எல்லாம் சௌக்கியம்" என்பாய்.

முதலில் அது என்ன ஃபுட்பால்? பழைய போட்டோ ஒன்றை விஷ்ணு அவள் அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். கையில்லாத பனியன் போட்ட ஒருவன் இன்னொருவனின் தோள்மேல் முழங்காலை வைத்து நிற்கிறான். ஃபுட்பாலா, சர்க்கஸா?

அண்ணா

*

மெல்போர்ன்
29.3.2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். ஊறுகாயைக் குறைத்தாயிற்று. மன்னி முழங்கால் மடங்குகிறதா?

இந்த ஊர் ஃபுட்பால் தனி ஜாதி. மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். பக்கத்துக்குப் பதினெட்டு பேர். காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம், கட்டிக்கொண்டு ஓடலாம், அடுத்தவன் முதுகில் ஏறிப் பந்தைப் பிடிக்கலாம். ஏறினவனுக்குத்தான் கைதட்டல். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையில் உதைத்தால் ஆறு புள்ளி. குறி தப்பி ஓரத்துக் கம்பத்துக்குள் போனால் ஒரு புள்ளி.

"தப்பினவனுக்கும் மார்க்கா?" என்று நீங்கள் கத்துவது இங்கே கேட்கிறது. ஆமாம், மார்க்தான்.

ஆர்ச்சி தடுப்பாட்டக்காரர். எதிரியை கோல் போட விடாமல் மறிப்பதுதான் அவர் வேலை. அதனால் ஐந்து வருஷத்தில் அவர் போட்டது ஒரே ஒரு கோல். நிறுத்தின காரணம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. யுத்தம் வந்த வருஷம், அதனால் இருக்கலாம்.

விஷ்ணு தினம் கேட்கிறாள், "சித்தப்பா, லெட்டர் வந்துதா?" என்று. பாவமாக இருக்கிறது.

கிட்டு

*

அஸ்தினாபுரம்
22.4.2025

கிட்டு, உனக்கு இந்தத் தடவை ஆசீர்வாதம் கிடையாது. உடம்பு மட்டும் நன்றாக இருக்கட்டும்.

உங்கள் ஊர் லைப்ரரியில் நூறு வருஷத்துப் பேப்பரையெல்லாம் கம்ப்யூட்டரில் சும்மா திறந்து வைத்திருக்கிறார்கள். நான் ஒரு மாசமாக உட்கார்ந்து படிக்கிறேன். 1912 ஜூன்: "பிளென்கோ எதிராளியை முழங்கையால் இடித்ததற்காக நான்கு வாரம் தடை." இது உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே மறைத்தாய். முக்கியத் தகவலை மறைத்த பாலிசி எங்கள் கம்பெனியில் செல்லாது.

ஆனால் ஒன்று. அந்த ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தால் எதிராளிதான் முதலில் ஆர்ச்சியின் காதைத் திருகியிருக்கிறான். அம்பயர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம். நான்கு வாரம் என்ன நியாயம்? அந்த நான்கில் மூன்று ஆட்டம் தோற்றோம்.

காலை நடையில் பக்தவச்சலத்திடம் இதைச் சொன்னேன். ரிட்டயர்டான பஸ் கண்டக்டர், கீழ்க்கட்டளையில் இருக்கிறார். இப்போது தினமும் ஏரிக்கரைத் திருப்பத்திலேயே என்னைப் பிடித்துக்கொள்கிறார். "இன்னா சார், இந்த வாரம் நம்மாளு ஆடறாரா? கால் அடி ஆறிப்போச்சா?" என்று. 1913 மே மாதத்தில் ஆர்ச்சிக்குக் கணுக்கால் பிசகியிருந்தது, அதைத்தான் கேட்கிறார்.

விசாரணை தொடர்கிறது. விஷ்ணுவும் நானும் வீடியோவில் வெண்டைக்காய் விலை மட்டும் பேசிக்கொள்கிறோம்.

அண்ணா

*

மெல்போர்ன்
17.5.2025

அண்ணாவுக்குக் கிட்டு சாஷ்டாங்க நமஸ்காரம், மன்னிப்பும் சேர்த்து. ரத்தக்கொதிப்பு 150/95. காரணம் ஊறுகாய் இல்லை.

தெரியும் அண்ணா. மறைத்தேன். முழங்கை விஷயத்தை எழுதினால் நீங்கள் டாமின் முழங்கையை எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொல்வீர்கள் என்று பயந்தேன்.

ஒன்று கேட்கிறேன். "மூன்று ஆட்டம் தோற்றோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தோற்றோமா? நீங்கள் விசாரிக்கிற ஆளா, ஆர்ச்சி கட்சியா?

எனக்கு விளையாட்டாக இருக்கிறது, விஷ்ணுவுக்கு அப்படியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள் சாப்பிட உட்கார்ந்தாள், அப்படியே தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். "அப்பா வேண்டாம்னு சொன்னாக்கூடத் தாங்கிப்பேன் சித்தப்பா. ஒண்ணுமே சொல்லாம இருக்காரே" என்றாள். டாம் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் நின்றுவிட்டான்.

சீக்கிரம் எழுதுங்கள்.

கிட்டு

*

அஸ்தினாபுரம்
9.6.2025

கிட்டுவுக்கு ஆசீர்வாதம். 150/95 என்றால் டாக்டரிடம் போ. மாத்திரை எழுதித் தருவார்.

விஷ்ணு அழுதாள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் 1914 செப்டம்பர் 12 சனிக்கிழமைக்கு ஒரு பதில் தெரியாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அன்றைக்கு அரையிறுதி. கிளப் பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அரையிறுதிக்கு வந்திருக்கிறது. இருபதாயிரம் ஜனம். பேப்பரில் ஒரே ஒரு வரி: "பிளென்கோ வரவில்லை." காயம் என்று இல்லை, ஜுரம் என்று இல்லை. வரவில்லை! அவன் இடத்தில் எவனோ ஒரு சின்னப் பையனை நிறுத்தினார்கள். அந்தப் பக்கமாகவே ஐந்து கோல் வாங்கி, கடைசியில் ஒரு புள்ளியில் தோற்றோம். ஒரே ஒரு புள்ளி கிட்டு! அத்தோடு ஆர்ச்சி பெயர் பேப்பரில் வரவேயில்லை.

பக்தவச்சலம் நடையை நிறுத்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பேஜாராப் பூட்ச்சு சார். நம்பினவனைக் கைவுட்டுட்டானே" என்றார். எனக்கும் அதேதான். ஐந்து வருஷம் அவன் கூடவே நின்றேன். முக்கியமான நாளில் வராதவனின் வம்சத்துக்கு என் பெண்ணை எப்படிக் கொடுப்பேன்? எங்கே போனான் என்று கேட்டு எழுது.

அண்ணா

*

மெல்போர்ன்
4.7.2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. மன்னி சௌக்கியம்தானே?

ஆர்ச்சியின் கடைசிப் பெண் ஈடித் பாட்டிக்குத் தொண்ணூற்று மூன்று வயது. டாம் என்னை அவரிடம் அழைத்துப் போனான். நான் கேள்வியைக் கேட்டதும், "நூறு வருஷம் கழிச்சு இதைக் கேக்கறது யாரு?" என்றார். இந்தியாவில் என் அண்ணா என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோதுமைப் பண்ணை. அந்த வீட்டுப் பெண்ணை ஆர்ச்சிக்குப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா முரட்டு மனுஷர். ஃபுட்பால் ஆடுகிறவன் உருப்படமாட்டான் என்று நினைக்கிறவர். ஒரு வருஷம் இழுத்தடித்துவிட்டு, "செப்டம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை, மூணு மணிக்கு வா. வரலைன்னா அப்புறம் வரவே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாராம். அரையிறுதி என்று தெரிந்தே போட்ட தேதி. கிளப்பில் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். ஆர்ச்சி ரயில் ஏறிவிட்டார். மூணு மணிக்குப் பண்ணை வாசலில் நின்றார். கிளப் அவரை அப்புறம் சேர்க்கவே இல்லை. அந்தப் பெண்தான் ஈடித் பாட்டியின் அம்மா.

இனிமேல் கேட்க என்ன இருக்கிறது? டாமின் பேட்டை டீம்கூட இந்த வருஷம் நன்றாக ஆடுகிறது. ஆகஸ்ட் முப்பது சனிக்கிழமை ஃபைனல். அவன் சேர்ந்து ஒன்பது வருஷத்தில் முதல் ஃபைனல். அந்தச் சந்தோஷத்தோடு இந்தச் சந்தோஷமும் சேரட்டுமே.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், உங்களுக்கு ஃபைலை மூட மனசில்லை.

கிட்டு

*

அஸ்தினாபுரம்
21.7.2025

கிட்டுவுக்கு. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

ஃபைலை எப்போது மூடுவது என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்.

ஆர்ச்சி விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பக்தவச்சலமும் வாங்கிவிட்டார். "மன்சன்னா அவன் மன்சன் சார்" என்கிறார். ஆனால் நாம் பெண் கொடுக்கப்போவது ஆர்ச்சிக்கு இல்லை. அவன் செய்ததை இவன் செய்வானா? பையன் ஆகஸ்ட் முப்பது, சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு அஸ்தினாபுரம் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். மூன்று மணிக்கு எமகண்டம் முடிகிறது, நல்ல நேரம்தான். அன்றைக்கு அவனுக்கு ஃபைனல் என்று எனக்குத் தெரியும்.

அண்ணா

*

மெல்போர்ன்
13.8.2025

அண்ணாவுக்கு. நமஸ்காரம் கோபத்தோடு.

உங்கள் கடிதத்தை விஷ்ணுவிடம் காட்டவே கூடாது என்றிருந்தேன். டாம் வந்த நேரம் மேஜைமேல் கிடந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். பொய் சொல்லத் தெரியாமல் சொல்லித் தொலைத்தேன். "அங்கிள், மூணு மணின்னா இந்திய டைம்தானே?" என்றான். அவ்வளவுதான்.

இருபத்தெட்டாம் தேதி கிளம்புகிறான். டீமில் அவனோடு யாரும் பேசுவதில்லை. போனில் சொல்லட்டுமா என்றதற்கு, "அவர் எழுத்தில் கேட்டார், எழுத்திலேயே சொல்லுங்க" என்கிறான். அதனால் இந்தக் கடிதம். உங்களுக்குச் சேர வேண்டியதுதான் சேர்ந்திருக்கிறது அண்ணா, ரெண்டு பேரும் ஒரே அச்சு.

கிட்டு

*

அஸ்தினாபுரம்
16.8.2025

என் அருமைக் கிட்டுவுக்கு ஆசீர்வாதம். மாத்திரையை நிறுத்தாதே.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வருமுன் நானே எழுதிவிடுகிறேன். முந்தாநாள் பக்தவச்சலத்திடம் நான் போட்ட கண்டிஷனைப் பெருமையாகச் சொன்னேன். மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ அந்தக் கோதும பண்ணக்காரன் நீதானா சார்?" என்றார். அதற்கப்புறம் என்னோடு நடக்க வரவில்லை.

கிட்டு, நீ எழுதினது நிஜம். ஃபைலை மூட எனக்கு மனசில்லை. மூடினால் அவள் போய்விடுவாள். விசாரித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அவள் என் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிற குழந்தையாகவே இருப்பாள் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பையன் வர வேண்டாம். அவன் ஃபைனல் ஆடட்டும். எனக்குப் பூரண சம்மதம்.

அந்த மைதானத்துக்கு எந்த நம்பர் டிராம் போகும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான். போன வருஷம் விஷ்ணு எடுத்துக்கொடுத்த விசா இன்னும் செல்லுபடியாகுமா என்று பார்த்தேன். செல்லும். இதுவும் சும்மாதான்.

அண்ணா

*

அஸ்தினாபுரம்
31.8.2025

மெல்போர்னில் கிட்டு வீட்டில் தங்கியிருக்கும் என் ஆத்துக்காரருக்கு ஞானாம்பாள் நமஸ்காரம். கிட்டுவுக்கு ஆசீர்வாதம். என் முழங்கால் நன்றாக இருக்கிறது. நீங்கள் ஒரு மாசம் தங்கப்போவதால் உங்கள் வழக்கப்படியே தபாலில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் அவர்களிடம் சொல்லாமல் ஃபைனல் பார்க்க ஏர்போர்ட்டுக்குக் கிளம்பின அரை மணியில், டாம் இங்கே வருகிறான் என்று கிட்டுவின் கடிதம் வந்தது. பிரித்துப் படித்தேன். நீங்கள் அப்போது மீனம்பாக்கத்தில்தான் இருந்தீர்கள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான்.

நேற்று மத்தியானம் இரண்டே முக்காலுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. டிரைவர் சத்தம் போட்டார்: "யம்மா, இந்த வெள்ளக்காரரு அட்ரஸ் வெச்சிகினு கோவிலம்பாக்கம் வரைக்கும் என்னை சுத்தவுட்டுட்டாரு. வூடு இதானா பாத்துச் சொல்லு." பையன் இறங்கினான். வீடு தெரிந்த பிறகும் உள்ளே வரவில்லை. வெயிலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியாக மூன்று மணிக்கு பெல் அடித்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நீங்கள் அங்கே மைதானத்தில் போய் நின்ற கதையை அதற்குள் விஷ்ணு போனில் சொல்லிவிட்டாள். "அம்மா, அப்பா கழுத்துல ஸ்கார்ஃப் கட்டிண்டு அம்பயரைத் திட்டிண்டிருக்கார்மா!" என்று சிரிக்கிறாள், நடுவில் அழுகிறாள். டாம் இல்லாமலே டீம் ஜெயித்துவிட்டது என்றும் சொன்னாள். சாப்பாடு போடும்போது அதை அவனிடம் சொன்னேன். கண் கலங்கினது எனக்குத் தெரிந்தது. அப்புறம் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மோர்க்குழம்பு கிடைக்குமா என்று கேட்டான்.

நான் அவனை ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "விஷ்ணுவுக்குக் கோபம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டாளே, நீ என்ன பண்ணுவே?" என்றேன். "மூணாவது நாள் காலையில அவளே காபி வேணுமான்னு கேப்பா" என்றான். முப்பது வருஷம் வளர்த்த எனக்கும் இதுதான் தெரியும். சரி என்று சொல்லி, விஷ்ணுவுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

எட்டு மாசம் அண்ணாவும் தம்பியும் உட்கார்ந்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஆடினவனை விசாரித்தீர்கள். யாரோ ஒருத்தன் காதை யாரோ திருகினதுவரைக்கும் விசாரித்தீர்கள். கடிதத்தில் என் முழங்காலைக்கூடக் கேட்டீர்கள். பெற்றவள் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். உனக்கு இஷ்டமா ஞானம் என்று இரண்டு பேரில் ஒருத்தர் கேட்டீர்களா? எனக்கு அது வருத்தம்தான். சொல்லிவிட்டேன், தீர்ந்தது.

தை மாசம் முகூர்த்தம் பார்க்கப் போகிறேன். அச்சடித்ததும் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பத்திரிகை அனுப்புகிறேன். தவறாமல் வந்திருந்து தம்பதிகளை ஆசீர்வதிக்கவும்.

ஞானாம்பாள்